கடன் சந்தையில் என் இளமை – 8: ஜூலை 15ஆம் தேதி விலை

வெள்ளிக்கிழமை ஏலங்கள் எப்படி நடக்கின்றன என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். இந்த வாரம் ஒரே ஒரு பத்திரத்தின் கதை. 2013 மே 17 அன்று ரிசர்வ் வங்கி நடத்திய ஏலத்தில் வெளிவந்த பத்தாண்டுப் பத்திரம் அது. வட்டி 7.16 விழுக்காடு, முதிர்வு 2023 மே மாதம். சந்தையில் நாங்கள் அதை 'டென் இயர்' என்போம். மத்திய அரசின் பத்திரங்கள் எத்தனையோ இருந்தாலும், ஒரு சமயத்தில் ஒன்றுக்குத்தான் அந்தப் பட்டம். நாள் முழுக்க நடக்கும் வியாபாரத்தில் பெரும்பங்கும் அந்த ஒன்றில்தான்.

நான் அப்போது மும்பையில் ஒரு முதலீட்டு வங்கியின் கடன் பத்திரப் பிரிவில் ஜூனியர் டீலர். எங்களுக்கு பிரைமரி டீலர் உரிமம் இருந்தது. அரசு ஏலம் விடும்போது, இந்த வாரம் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது. ஒரு பங்குக்கு முன்கூட்டியே பொறுப்பேற்க வேண்டும். வாங்க ஆளில்லாமல் பத்திரம் மிஞ்சினால் அது எங்கள் தலையில் விழும்.

மே மாதத் தொடக்கத்தில், வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி குறுகிய காலக் கடன் தரும் ரெப்போ விகிதம் 7.25 விழுக்காடாகக் குறைந்திருந்தது. இன்னும் குறையும் என்று எல்லோரும் நம்பினார்கள். வட்டி இறங்கினால், பழைய வட்டியைத் தரும் பத்திரத்துக்கு மவுசு கூடும், விலை ஏறும். அந்த நம்பிக்கையில் சந்தையே பத்திரங்களை வாங்கிக் குவித்திருந்தது. மே 22 அன்று வாஷிங்டனில், அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் பென் பெர்னான்கி நாடாளுமன்றக் குழுவின் முன் பேசினார். மாதாமாதம் தாங்கள் வாங்கும் பத்திரங்களின் அளவை அடுத்த சில கூட்டங்களுக்குள் குறைக்கத் தொடங்கலாம் என்று அவர் கோடிகாட்டியது போதுமானதாக இருந்தது. ஜூன் முழுக்க அந்நிய முதலீட்டாளர்கள் நம் பத்திரங்களை விற்றுவிட்டு டாலரோடு வெளியேறினார்கள். ரூபாய் சரிந்தது.

ஜூனியர் டீலரின் வேலை காலை எட்டு மணிக்கு முன்பே தொடங்கிவிடும். இரவில் அமெரிக்கப் பத்தாண்டுப் பத்திரம் எங்கே முடிந்தது, கச்சா எண்ணெய் என்ன விலை, சிங்கப்பூரில் ரூபாயை என்ன விலைக்குக் கேட்கிறார்கள் என்று பார்த்து, ஒரு பக்கக் குறிப்பு எழுதித் தலைமை டீலரின் மேசையில் வைக்க வேண்டும். ஒன்பது மணிக்கு என்.டி.எஸ்.-ஓ.எம். திரை உயிர்பெறும். ரிசர்வ் வங்கி 2005 ஆகஸ்டில் தொடங்கிய மின்னணுச் சந்தை அது. இடப்பக்கம் வாங்குகிறவர்களின் விலை, வலப்பக்கம் விற்கிறவர்களின் விலை. யார் வாங்குகிறார், யார் விற்கிறார் என்று பெயர் தெரியாது. குறைந்தபட்ச அளவு ஐந்து கோடி ரூபாய். விலை கால் பைசா கால் பைசாவாக நகரும்.

கால் பைசாவுக்கா இத்தனை பரபரப்பு என்று வெளியாட்கள் கேட்பதுண்டு. கணக்கு இதுதான். ஒரு விழுக்காட்டில் நூற்றில் ஒரு பங்கை பேசிஸ் பாயிண்ட் என்போம். பத்தாண்டுப் பத்திரத்தின் ஈல்டு, அதாவது அன்றைய விலைக்கு வாங்கினால் கிடைக்கும் வருவாய் விகிதம், ஒரு பேசிஸ் பாயிண்ட் ஏறினால், நூறு ரூபாய் முகமதிப்புக்கு விலை ஏறக்குறைய ஏழு பைசா இறங்கும். ஐந்து கோடிக்கு 35,000 ரூபாய். நூறு கோடிக்கு ஏழு லட்சம். இந்தப் பெருக்கல் எந்நேரமும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும், சாப்பிடும்போதும் நிற்காது.

ஜூலை 15 திங்கட்கிழமை. சந்தை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு ரிசர்வ் வங்கியின் அறிவிப்பு வந்தது. வங்கிகள் அவசரத்துக்குக் கடன் வாங்கும் எம்.எஸ்.எஃப். சாளரத்தின் வட்டி 8.25-லிருந்து 10.25 விழுக்காடாக, ஒரே மூச்சில் இரண்டு விழுக்காடு உயர்ந்தது. ரெப்போவில் தரும் பணத்துக்கு உச்சவரம்பு. போதாததற்கு, 18ஆம் தேதி 12,000 கோடி ரூபாய்க்கு அரசுப் பத்திரங்களை ரிசர்வ் வங்கியே விற்கும் என்றார்கள். நோக்கம் ரூபாயைக் காப்பது. ரூபாய்க் கடன் வாங்கி டாலரில் பந்தயம் கட்டுகிறவர்களுக்கு அந்தக் கடன் கட்டுப்படியாகாமல் போக வேண்டும். அதற்கு ரூபாய்க்குத் தட்டுப்பாடு வர வேண்டும். அந்தத் தட்டுப்பாட்டின் முதல் அடி பத்திரம் வைத்திருந்தவர்கள் மேல்தான் விழுந்தது. அறிவிப்பைப் படித்தபோது வயிற்றில் புளியைக் கரைத்தது.

மறுநாள் காலை எங்கள் அறையில் சத்தமே இல்லை. திரை திறந்ததும் இடப்பக்கம் பார்த்தேன். வழக்கமாக ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கியடித்து நிற்கும் விலைகளுக்கு நடுவே பத்துப் பைசா, இருபது பைசா என்று பள்ளங்கள். நிற்கிற விலையும் நாம் கை வைப்பதற்குள் மறைந்தது. எங்கள் ஸ்டாப் லாஸ் எல்லை, சந்தை திறந்த விலையிலேயே கடந்துபோயிருந்தது. எல்லையைத் தாண்டினால் விற்றாக வேண்டும் என்பது விதி. ஆனாலும் என் பக்கத்து இருக்கை சீனியர் டீலர், மதியத்துக்குள் கொஞ்சம் மீளும், அதுவரை காத்திருக்கலாம் என்று வாதாடினார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

தலைமை டீலர் மாட்டுங்காவில் வளர்ந்த தமிழர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"நேத்து என்ன விலைன்னு மறந்துடுப்பா. இப்ப உன் கையில பத்திரமே இல்லைன்னு வெச்சுக்கோ. இந்த விலைக்கு வாங்குவியா?"

"மாட்டேன் சார்."

"அப்ப வித்துடு."

விற்றோம். ஐந்தைந்து கோடியாக, கிடைத்த விலைக்கு. அன்றைய நாள் முடிவதற்குள் பத்தாண்டு ஈல்டு ஏறக்குறைய அரை விழுக்காடு ஏறி 8 விழுக்காட்டைத் தாண்டியது. ஒரு நூறு கோடி முகமதிப்புக்குச் சுமார் மூன்றரைக் கோடி ரூபாய் ஒரே நாளில் காணாமல் போயிருந்தது. மாலையில் மிடில் ஆபீஸ் அனுப்பிய லாப நட்டக் கணக்கில் அந்த வருடம் அதுவரை நாங்கள் சேர்த்ததெல்லாம் கரைந்திருந்தது. அதை அச்செடுத்துக் கொண்டுவந்த பெண் யாருடைய முகத்தையும் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனார்.

18ஆம் தேதி ரிசர்வ் வங்கி விற்க வந்த 12,000 கோடியில், தனக்கு ஏற்ற விலையில் விற்க முடிந்தது 2,532 கோடிதான். அடுத்த வாரம் கட்டுப்பாடுகள் இன்னும் இறுகின. 91 நாள் கருவூல பில்லின் வட்டி, பத்தாண்டுப் பத்திரத்தையும் மிஞ்சி 11 விழுக்காட்டுக்குப் போனது. மூன்று மாதக் கடனுக்குப் பத்து வருடக் கடனைவிட அதிக வட்டி! பாடப்புத்தகத்தில் தலைகீழ் வளைவு என்று படித்திருந்தேன். அதன் வலி என்ன என்பது இரவுக் கடனில்தான் புரியும். டீலர் பத்திரத்தைத் தன் சொந்தப் பணத்தில் வாங்கி வைப்பதில்லை. ஒவ்வொரு நாளும் ஓரிரவுக் கடன் வாங்கித்தான் அதைச் சுமக்கிறோம். 7.16 விழுக்காடு தரும் பத்திரத்தைச் சுமக்க 10.25 விழுக்காட்டில் கடன் வாங்கினால், நூறு கோடிக்கு ஓர் இரவுக்கு எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல் கைப்பிடித்தம். விலை அசையாமல் நின்றாலும் காலையில் எழும்போது அந்தப் பணம் போயிருக்கும். காத்திருக்கலாம் என்று சொன்ன சீனியரும் நானும் இந்தச் செலவைப் பேச்சில் எடுக்கவே இல்லை. தலைமை டீலர் எடுத்திருந்தார்.

ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஈல்டு 9 விழுக்காட்டைத் தாண்டி மேலும் ஏறியது. மே மாதம் நூறு ரூபாய்க்கு ஏலம் போன பத்திரம், ஏறக்குறைய 87 ரூபாய்க்கு வந்து நின்றது. அரசு ஒரு தவணைகூடத் தவறவில்லை, தவறப்போவதும் இல்லை. அப்படிப்பட்ட பத்திரத்துக்கே மூன்று மாதத்தில் இந்தக் கதி.

ஆகஸ்ட் 20 அன்று ரிசர்வ் வங்கியிடமிருந்து இன்னோர் அறிவிப்பு. வங்கிகள் தம் டெபாசிட்டுகளில் 23 விழுக்காட்டை, பெரும்பாலும் அரசுப் பத்திரங்களாக, சட்டப்படி வைத்திருக்க வேண்டிய காலம் அது. அவற்றில் முதிர்வு வரை வைத்திருப்பதாக ஒதுக்கியவற்றைச் சந்தை விலைக்கு மதிப்பிட வேண்டியதில்லை. வியாபாரத்துக்கென வைத்தவற்றை மதிப்பிட்டே ஆக வேண்டும். அறிவிப்பு என்ன சொன்னது என்றால், வங்கிகள் வியாபாரக் கணக்கிலிருந்து முதிர்வுக் கணக்குக்குப் பத்திரங்களை ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம், அதுவும் ஜூலை 15ஆம் தேதி விலையில். அடி விழுவதற்கு முந்தைய மாலையின் விலை!

அன்று எங்கள் அறையில் எழுந்த ஆத்திரம் இன்றும் நினைவிருக்கிறது. விதியை மதித்து 16ஆம் தேதி விற்றவர்களிடம் மாற்றிக்கொள்ள எதுவும் இல்லை. விற்காமல் உட்கார்ந்திருந்த வங்கிக்கு அந்த ஐந்து வாரமும் ஏட்டிலிருந்து அழிந்துபோனது. "அப்ப ஸ்டாப் லாஸ் எதுக்கு சார்?" என்று தலைமை டீலரிடம் நேராகவே கேட்டேன். "அவங்க டெபாசிட்தாரருக்குப் பதில் சொல்லணும், நாம தினம் சாயங்காலம் கணக்குக்குப் பதில் சொல்லணும்" என்றார். அன்று அது எனக்குப் போதவில்லை.

ரிசர்வ் வங்கியின் பக்கம் நியாயம் இருந்தது என்றே இப்போது நினைக்கிறேன். ரூபாயைக் காக்கத் தானே கொண்டுவந்த தட்டுப்பாடு வங்கிகளின் மூலதனத்தைத் தின்பதை அது பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மூலதனம் கரைந்தால் நிற்பது சிறுதொழிலுக்கும் வீட்டுக்கும் தரும் கடன். ஆனால் அந்தச் சலுகை சந்தையில் எங்கள் வயதுக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது தவறான பாடம். நட்டம் பெரிதாக இருந்து, கூட்டமும் பெரிதாக இருந்தால், தேதியைப் பின்னுக்குத் தள்ளித் தருவார்கள் என்று அன்று நம்பத் தொடங்கிய சிலரை எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், மாலைக் கணக்கை இளம் டீலரிடமிருந்து ஒருபோதும் மறைக்கக் கூடாது. அவன் கையில் ஓடுவது எல்.ஐ.சி. பிரீமியமும் வருங்கால வைப்பு நிதியும் சேமிப்புக் கணக்குகளும் போய்ச் சேரும் அதே பத்திரம். அதன் உண்மையான விலை என்ன என்பதை ஒவ்வொரு மாலையும் யாராவது ஒருவர் கண்ணைத் திறந்து பார்த்தாக வேண்டும்.

முதிர்வுக் கணக்குக்குப் போன பத்திரங்கள் அங்கேயே முடங்கின. நினைத்த நேரத்தில் எடுத்து விற்க முடியாது. எங்கள் ஏட்டில் நட்டம் இருந்தது, ஆனால் வாங்குவதற்கு இடமும் இருந்தது. ஆகஸ்ட் 28 அன்று டாலருக்கு 68.85 ரூபாய் என்ற புதிய பள்ளத்தை ரூபாய் தொட்டது. செப்டம்பர் 4 அன்று ரகுராம் ராஜன் கவர்னரானார். இரண்டு வாரம் கழித்து, அமெரிக்க மத்திய வங்கி பத்திரக் கொள்முதலை இப்போதைக்குக் குறைக்கவில்லை என்றது. நாங்கள் 9 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் சிறிதாக வாங்கத் தொடங்கியிருந்தோம். அந்தச் செப்டம்பரில் கிடைத்த லாபம் ஜூலை நட்டத்தில் ஒரு பகுதியைத்தான் அடைத்தது. அந்த ஆண்டு எங்கள் பிரிவில் யாருக்கும் போனஸ் இல்லை.

நவம்பர் 22 வெள்ளிக்கிழமை ரிசர்வ் வங்கி புதிய பத்தாண்டுப் பத்திரத்தை ஏலம் விட்டது. வட்டி 8.83 விழுக்காடு. அந்த ஏலத்துக்கான விண்ணப்ப ஈல்டை முதன்முறையாக என்னையே கணக்கிட்டு எழுதச் சொன்னார்கள்.

(தொடரும்)