விடத்தலை: இரு நிறம், ஒரு கொத்து

விருதுநகர்ப் பக்கத்து வாசகர் ஒருவர் பூங்கொத்து ஒன்றைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். மேல் பாதி ரோஸ், கீழ்ப் பாதி மஞ்சள். "யாராவது ஒட்டுப் போட்டதா?" என்று கேட்கிறார். ஒட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. அது நம் முட்காட்டு விடத்தலை. விடத்தேர் என்றும் சொல்வார்கள். ஆட்டுக்காரர்கள் தொரட்டியால் காய் பறித்துப் போடுவது இதிலிருந்துதான்.

கொத்து தலைகீழாகத் தொங்கும். காம்பை ஒட்டிய ரோஸ் இழைகள் மலட்டுப் பூக்களுடையவை. மகரந்தமும் இல்லை, காயும் பிடிக்காது. நாளாக ஆக வெளுத்துப்போகும். காய் பிடிப்பதெல்லாம் நுனியில் இருக்கும் மஞ்சள் பூக்களில்தான். பிறகு எதற்கு அந்த ரோஸ்? பூச்சிகளை அழைக்க என்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு ஓட்டல் வாசலில் நின்று "வாங்க சார், சூடா இட்லி" என்று கூவுகிறவர் அடுப்படிப் பக்கமே போகமாட்டாரே, அப்படி.

முள்ளிலும் ஒரு வேடிக்கை உண்டு. அது குட்டைக் கிளைதான். முனை மட்டும் ஊசியாகிவிட்டது. அதனால் முள்ளிலேயே இலை துளிர்க்கும்.

1834இல் விடத்தலைக்கு இன்றைய அறிவியல் பெயரைத் தந்தவர்கள் தாவரவியலாளர்கள் வைட், ஆர்னட் இருவரும். ராபர்ட் வைட் பின்னாளில் கோயம்புத்தூரில் பருத்தி ஆராய்ச்சி செய்தவர்.

இதே இனம் கியூபாவில் பெரும் தலைவலி. அங்கே பெயர் மராபூ. வெளியிலிருந்து போய்ச் சேர்ந்தது, கைவிடப்பட்ட கரும்புக் காடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் வளைத்துக்கொண்டது. வெட்டினால் வேரிலிருந்து புதர் புதராகக் கிளம்பும். கடைசியில் கரியாகச் சுட்டு விற்கத் தொடங்கினார்கள். 2017இல் அமெரிக்காவுக்கே ஏற்றுமதி ஆனது. குற்றவாளி மரமா, நிலத்தைத் தரிசாக விட்டவர்களா? நான் இரண்டாவது கட்சி.

நாமோ எதிர்த்திசையில் போகிறோம். அமெரிக்கக் கண்டத்துச் சீமைக் கருவேலத்தை ஒழிக்கப் பொக்லைனைக் கூட்டிவருகிறோம். முள் இருந்தால் போதும், வெள்வேல், குடைவேல், விடத்தலை எல்லாம் சேர்ந்து போய்விடுகிறது. விடத்தலை மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கிற மரம். பஞ்சத்தில் ஆட்டைக் காப்பாற்றும் காயும் போகிறது.

அடையாளம் கடினமில்லை. சீமைக் கருவேலங்காய் நீண்டு வெளிர்மஞ்சளாகத் தொங்கும். விடத்தலைக் காய்கள் பழுப்பாக, முறுக்கிச் சுருண்டு ஒரே பந்தாக இருக்கும். பொக்லைன் ஓட்டுபவரிடம் ஒரு கொத்தைக் காட்டிவிட்டு வண்டியை எடுக்கச் சொல்லுங்கள்.