நான் சொல்லிக்கொடுத்த கௌரவம்

நான் சத்துணவு மையத்தில் அமைப்பாளராக முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எத்தனையோ பிள்ளைகளுக்குச் சோறு போட்டிருக்கிறேன். ஆனால் என் பேரன் பள்ளிக்கூடத்தில் சரியான சாப்பாடு இல்லாமல் இருந்தது எனக்கே தெரியாமல் போனது. அதைத்தான் எழுதுகிறேன்.

2022 நவம்பரில் அமெரிக்காவில், டெக்சாஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பேரன் நாலாம் வகுப்பு, பேத்தி ஒண்ணாம் வகுப்பு. பொங்கல் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, மாப்பிள்ளைக்கு வேலை போய்விட்டது. சேர்ந்து ஆறு மாசம்கூட ஆகாததால் கையில் பெரிதாக எதுவும் கொடுக்கவில்லை. அவர்களுடைய விசாவில் அறுபது நாளுக்குள் வேறு கம்பெனி பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். மகளுக்கு வேலைக்குப் போக அனுமதி கிடையாது. வீட்டு வாடகையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதுகூட இல்லை.

பிப்ரவரி மாசம் ஒரு நாள் பேரன் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே, "அம்மாச்சி, இன்னிக்கும் எனக்கு சீஸ் சாண்ட்விச்தான். மத்தவங்களுக்கெல்லாம் பீட்சா" என்றான். "ஏண்டா?" என்றேன். "என் நம்பர்ல காசு இல்லையாம்" என்றான்.

அங்கே சாப்பாட்டு வரிசையின் கடைசியில் பிள்ளைகள் ஒரு நம்பரை அழுத்த வேண்டும். அந்தக் கணக்கில் பெற்றோர் முன்கூட்டியே பணம் போட்டு வைக்க வேண்டும். ஒரு சாப்பாடு ஏறக்குறைய மூன்று டாலர். கணக்கு மைனஸில் போய்க் குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால், பல ஊர்ப் பள்ளிகளில் சூடான சாப்பாட்டுக்குப் பதில் ஆறிப்போன சாண்ட்விச் ஒன்று கொடுப்பார்கள். பணம் போடச் சொல்லி இமெயில் வந்திருக்கிறது. ஆனால் அது போனதெல்லாம் மாப்பிள்ளையின் ஆபீஸ் இமெயிலுக்கு. வேலையோடு அந்த இமெயிலும் போய்விட்டதே! இருபத்திரண்டு டாலர் பாக்கி. பிள்ளை ஒரு வாரமாக யாரிடமும் சொல்லவில்லை. "அப்பா ஏற்கெனவே கவலையா இருக்காங்க" என்றான். ஒன்பது வயசுப் பிள்ளை.

மகள் அன்று ராத்திரியே பாக்கியைக் கட்டிவிட்டாள். கட்டிவிட்டு, "நாளையிலேர்ந்து டப்பாவுல தயிர்சாதம் கட்டிடறேன்" என்றாள். பேத்தி அப்படித்தான் கொண்டுபோகிறாள். பேரன் முகம் சுண்டிப்போனது. அவனுக்கு நண்பர்களோடு தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பதுதான் பெரிய விஷயம்.

"கஷ்டப்படற குடும்பத்துக்கு இங்கே உதவி ஒண்ணுமே கிடையாதாடி?" என்று கேட்டேன். முதலில் மழுப்பினாள். அப்புறம்தான் விஷயம் வந்தது. இருக்கிறது. 1946ஆம் வருஷமே தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டம் போட்டு நடத்துகிறார்கள். குடும்ப வருமானம் குறைவாக இருந்தால் சாப்பாடு இலவசம். அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் மதியத்துக்கு 40 சென்டுக்கு மேல், காலைக்கு 30 சென்டுக்கு மேல் வாங்கக் கூடாது. 2022-23 பள்ளி ஆண்டில் நாலு பேர் குடும்பத்துக்கு வருஷ வருமானம் 36,075 டாலர் வரை இலவசம். 51,338 டாலர் வரை குறைந்த கட்டணம். இதற்கான ஃபாரத்தை ஆகஸ்டு மாசம் பள்ளி திறக்கும்போதே கொடுத்திருக்கிறார்கள். "நமக்கு எதுக்கு" என்று தூக்கிப் போட்டிருக்கிறாள்.

அவள்மேல் மட்டும் தப்பு சொல்ல முடியாது. இவர்கள் அமெரிக்கா வந்ததே 2021ல்தான். கொரோனா காலத்துச் சலுகையில் 2022 ஜூன் வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கேள்வியே இல்லாமல் இலவசமாகச் சாப்பாடு போட முடிந்தது. அது முடிந்ததும் பழைய முறைக்குத் திரும்பிவிட்டார்கள். கலிபோர்னியா, மெய்ன் என்ற இரண்டு மாநிலங்கள் மட்டும் அந்த வருஷமே தங்கள் பணத்தைப் போட்டு எல்லாருக்கும் இலவசம் என்று நிரந்தரமாக ஆக்கின. அப்புறம் மின்னசோட்டா, மிச்சிகன் போல இன்னும் சில சேர்ந்துகொண்டன. டெக்சாஸ் சேரவில்லை.

"வேலை போன பிறகு இப்ப எழுதிக் குடுக்கலாமே" என்றேன். வருஷ நடுவிலும் கொடுக்கலாம், இப்போதைய வருமானத்தைத்தான் பார்ப்பார்கள் என்று அந்தத் தாளிலேயே போட்டிருந்தது. மகள் பிடி கொடுக்கவில்லை. கவர்ன்மெண்ட் உதவி வாங்கினால் கிரீன் கார்டு கிடைக்காது என்று வாட்ஸ்அப்பில் யாரோ சொன்னார்களாம். அடுத்தது, பக்கத்து வீட்டுத் தமிழ்க்காரர்களுக்குத் தெரிந்தால் மானம் போய்விடுமாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் சோறு போட்ட பிள்ளைங்க எத்தனை பேர் டாக்டரா, டீச்சரா இருக்காங்க தெரியுமா? காமராஜர் காலத்துச் சாப்பாட்டைச் சாப்பிட்டு வளர்ந்தவடி நான். கேர் கோதுமையும் பவுடர் பாலும் குடிச்சவ. எனக்கு என்ன குறைஞ்சு போச்சு?" என்று கத்தினேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்து நிதானமாகக் கேட்டாள்: "நீ போட்ட சத்துணவை என்னை ஒரு நாளாவது சாப்பிட விட்டியாம்மா?"

எனக்கு வாய் அடைத்துப்போனது.

உண்மைதான். அவள் அஞ்சாம் வகுப்பு வரை நான் வேலை பார்த்த பள்ளியில்தான் படித்தாள். எம்.ஜி.ஆர் 1982ல் ஆரம்பித்த திட்டத்தில் வேலை கிடைத்துத்தான் எங்கள் குடும்பமே நிமிர்ந்தது. அப்படியிருந்தும் என் பிள்ளைக்கு மட்டும் வீட்டிலிருந்து டப்பா. "அமைப்பாளர் பிள்ளைக்கு அள்ளிப் போடறான்னு ஊர் பேசும்" என்று மற்றவர்களிடம் காரணம் சொல்வேன். அதில் கொஞ்சம் நிஜமும் உண்டு. ஆனால் மனசுக்குள் இருந்தது வேறு. 'நாம கொஞ்சம் நல்லா இருக்கோம், அதைப் போய்ச் சாப்பிடலாமா' என்ற நினைப்புதான். முட்டை போடும் நாளில் அவள் வகுப்பு வாசலில் டப்பாவை வைத்துக்கொண்டு வரிசையையே பார்த்துக்கொண்டிருப்பாள். பார்த்தும் பார்க்காத மாதிரி நான் உள்ளே போய்விடுவேன். முப்பது வருஷம் கழித்து அதை அவள் ஞாபகம் வைத்திருப்பாள் என்று நான் நினைத்தேனா?

அன்று ராத்திரி இரண்டு பேரும் தூங்கவில்லை. நான்தான் முதலில் பேசினேன். "நான் செஞ்சது தப்புதான்டி. அதை நீ உன் பிள்ளைக்குச் செய்யாதே" என்றேன். அழுதாள். நானும்தான்.

காலையில் மாப்பிள்ளையே உட்கார்ந்து விதிகளைத் தேடிப் படித்தார். கிரீன் கார்டுக்குப் பார்க்கும்போது எந்தெந்த உதவி கணக்கில் வரும் என்று 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த விதியில் பள்ளிச் சாப்பாடு வரவே இல்லை. (விதி மாறக்கூடியது. இப்படி இருப்பவர்கள் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.) அந்த ஃபாரத்தில் குடியுரிமை, விசா பற்றிக் கேள்வியே கிடையாது. சேமிப்பையும் கேட்கவில்லை. வீட்டில் யார் யார், யாருக்கு என்ன வருமானம், அவ்வளவுதான். வருமானம் இல்லாதவருக்கு நேரே பூஜ்யம் போட வேண்டும். கையெழுத்துப் போடுகிறவரின் சோஷியல் செக்யூரிட்டி நம்பரில் கடைசி நாலு எண் கேட்கிறார்கள். மகளுக்கு அந்த நம்பரே கிடையாது. 'இல்லை' என்பதற்கும் ஒரு கட்டம் இருந்தது. அதில் டிக் போட்டாள். குடும்பத்துக்கு ஒரே ஃபாரம், இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து. பள்ளி நடக்கும் பத்து நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று விதி. ஆறாம் நாளே வந்துவிட்டது, இலவசம் என்று.

எது இலவசத் தட்டு, எது காசு கொடுத்த தட்டு என்று மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியும்படி நடத்தக் கூடாது என்பதும் சட்டம். பேரன் அதே வரிசை, அதே நம்பர். அவனுக்கு எதுவும் மாறினதே தெரியாது. பேத்தியும் டப்பாவை வைத்துவிட்டு அண்ணனோடு கிளம்பிவிட்டாள். பழைய பாக்கி மட்டும் இதனால் தள்ளுபடி ஆகாது. அது கட்டியது கட்டியதுதான். நாள் கடத்தாமல் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது இதனால்தான்.

மார்ச் மாசம், அறுபது நாள் முடிய ஒரு வாரம் இருக்கும்போது மாப்பிள்ளைக்கு வேறு வேலை கிடைத்தது. சம்பளம் முன்னைவிடக் குறைவுதான். ஒருமுறை ஒப்புக்கொண்டால் நடுவில் வருமானம் கூடினாலும் அந்தப் பள்ளி ஆண்டு முழுக்கச் செல்லும். மாப்பிள்ளைக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. இரண்டாம் மாசச் சம்பளம் வந்ததும், "போதும், இனிமே நாங்களே கட்டிக்கறோம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அப்படிச் செய்யவும் வழி இருக்கிறது. எனக்கென்னவோ மே மாசம் வரை வாங்கியிருக்கலாம் என்றுதான் பட்டது. மாமியார் சொல்லி மாப்பிள்ளை கேட்பாரா?

நான் ஊருக்குக் கிளம்பும் முன் ஞாயிற்றுக்கிழமை, கீழ் வீட்டுத் தெலுங்குக்காரப் பெண் கைக்குழந்தையோடு வந்தாள். அவள் வீட்டிலும் வேலை போயிருந்தது. மகள் அவளை உள்ளே கூப்பிட்டு, காபி கொடுத்து, லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "இதுல பூஜ்யம் போடணும், பயப்படாதே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அடுப்பங்கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

- ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர், தஞ்சை மாவட்டம்.