மச்சான் கட்டிய முள்வேலி!

திருப்பூரில் என் அக்கா வீட்டுக்காரர் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். விசிட்டிங் கார்டில் 'எக்ஸ்போர்ட்டர்' என்று இருக்கும். நிஜத்தில், பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. மொத்தம் பதினாறு மெஷின். போன தீபாவளிக்கு அப்புறம் அதில் பத்து, துணி போர்த்திக்கொண்டு தூங்க ஆரம்பித்துவிட்டன. அக்காவின் ரெட்டை வடச் சங்கிலி பாங்க்கில் தூங்கியது.

"நேரா பையரைப் பிடிக்கோணும் மாப்ள. எல்லாரும் லிங்க்டுஇன்ல இருக்காங்களாம். நானும் தெனம் போடறேன், ஒரு ஈ காக்கா வரலை. நீ பி.காமாச்சே, கொஞ்சம் பாரு" என்றார்.

பி.காமுக்கும் லிங்க்டுஇன்னுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூடாது. எங்கள் குடும்பத்தில் மிக்ஸி ரிப்பேரானாலும் பி.காம்தான் பார்க்க வேண்டும்.

பார்த்தேன். ஒரு குழந்தைச் சட்டையின் படம். கீழே 'பெஸ்ட் குவாலிட்டி, காண்டாக்ட் மீ' என்று ஒற்றை வரி. அதற்கும் கீழே ஆரம்பித்தது முள்வேலி! #சக்சஸ், #இந்தியா, #மோட்டிவேஷன், #லவ்... எண்ணிப் பார்த்தேன். இருபத்தேழு!

"லவ் எதுக்குங்க மச்சான்?"

"நெறையப் பேர் தேடுவாங்கல்ல?"

தேடுவார்கள்தான். லவ்வைத் தேடி வருகிறவன் ஐயாயிரம் பீஸ் பேபி ரோம்பருக்கு ஆர்டர் கொடுப்பானா, சொல்லுங்கள்!

இந்த # சமாசாரத்தை ட்விட்டரில் முதன்முதலாக யோசனை சொன்னவர் கிறிஸ் மெஸ்ஸினா என்ற அமெரிக்கர், 2007 ஆகஸ்டில். ஒரே விஷயத்தைப் பேசுகிறவர்களை ஒரு கூடையில் சேர்க்க ஓர் அடையாளம், அவ்வளவுதான். கூட்டம் கூட்டுகிற மந்திரம் என்று அவர் சொல்லவில்லை. அதை நம் ஆட்களே சேர்த்துக்கொண்டார்கள்.

மச்சானுக்குப் புரிகிற மாதிரி எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னேன். கணக்கில் ஜர்னலிலிருந்து லெட்ஜருக்கு எடுத்து எழுதுவதையும் 'போஸ்டிங்' என்றுதான் சொல்வோம். நூல் வாங்கின செலவை நூல் கணக்கில் எழுதினால், தேடுகிற அன்றைக்குக் கையில் சிக்கும். எங்கே போடுவது என்று தெரியாததை எல்லாம் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் தள்ளிவிடுவோம். #சக்சஸ் என்பது உலகத்துக்கே பொதுவான சஸ்பென்ஸ் அக்கவுண்ட்.

இருபத்தேழையும் பிடுங்கிப் போட்டோம். பையர் எந்த வார்த்தையில் கேட்பாரோ அந்த வார்த்தை மட்டும், ஆங்கிலத்தில்: #பேபிவேர், #இன்டர்லாக்ஃபேப்ரிக், #ஸ்மால்பேட்ச், #திருப்பூர். நாலே நாலு. நடுவில் இடம் விட்டால் அறுந்துவிடும். (மச்சான் ஒரு தடவை 'பேபி'க்கு அப்புறம் இடம் விட்டு, உலகத்துப் பாப்பாக்கள் நடுவே உட்கார்ந்திருந்தார்.) ஒவ்வொரு வார்த்தையின் முதலெழுத்தையும் பெரிதாகப் போட்டால் கண்ணுக்கும் சுகம், பார்வையற்றவர்களுக்குப் படித்துக் காட்டுகிற கருவிக்கும் சுலபம்.

அதைவிட முக்கியம் மேலே எழுதுகிற விஷயம். லிங்க்டுஇன்னில் முன்பெல்லாம் ஒரு ஹேஷ்டேக்கையே பின்தொடரலாம். அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். ஆகவே சட்டையின் அளவு, துணியின் ஜி.எஸ்.எம்., குறைந்தபட்சம் எத்தனை பீஸ் எடுப்பீர்கள், எத்தனை நாளில் கொடுப்பீர்கள் என்று வாக்கியத்திலேயே எழுதினால்தான் உண்டு. சரக்கு இல்லாத டப்பாவுக்கு லேபிள் எதற்கு?

மூன்றாவது வாரம் சென்னையிலிருந்து ஒரு பையிங் ஆபீஸ் மெர்ச்சண்டைசர் விசாரித்தார். மச்சான் குதித்தார். எனக்கும் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி: "உங்க காட்ஸ் சர்டிஃபிகேட் அனுப்ப முடியுமா சார்?"

அப்புறம்தான் பார்த்தேன். எனக்குத் தெரியாமல் ஐந்தாவதாக ஒன்றைச் செருகியிருந்தார் மனுஷர். #ஆர்கானிக்காட்டன்!

"பருத்தி செடியிலதான மாப்ள காய்க்குது? எல்லாம் ஆர்கானிக்தான்" என்றார்.

காட்ஸ் என்பது ஆர்கானிக் துணிக்கான சர்வதேசத் தரச் சான்று. 'ஆர்கானிக்' என்று லேபிள் ஒட்ட வேண்டுமானால் இழையில் குறைந்தது 95 சதவிகிதம் ஆர்கானிக்காக இருக்க வேண்டும். நூற்பது, சாயம் போடுவது, தைப்பது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் சான்று வேண்டும். மச்சானிடம் இருந்தது நூல் கடை பில் ஒன்றுதான். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அந்தப் பக்கம் அதற்கப்புறம் சத்தமில்லை.

அன்றைக்கு ராத்திரி அக்கா சாப்பாடு போட்டபோது யாரும் பேசவில்லை. ஹேஷ்டேக் வேலை செய்யவில்லை என்றுகூடப் புலம்ப முடியாது. நன்றாகவே வேலை செய்தது. ஆளைச் சரியாக வாசல் வரை கூட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்குள்தான் சரக்கு இல்லை.

ஐந்தாவதை எடுத்துவிட்டோம். இப்போது பெங்களூரிலிருந்து ஒரு சின்ன குழந்தைத் துணிக் கடைக்காரர் முந்நூறு பீஸ் கேட்டிருக்கிறார். பெரிய கம்பெனிகள் முந்நூறைத் திரும்பிப் பார்க்காது. அவர் தேடி வந்தது #ஸ்மால்பேட்ச்சை! சாம்பிள் போயிருக்கிறது. மூன்று மெஷினின் போர்வையை எடுத்தாகிவிட்டது. சங்கிலி இன்னும் பாங்க்கில்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் போன் பண்ணினார். குரலில் ஒரு தயக்கம்.

"ஏன் மாப்ள... கொழந்தைத் துணிதானே, ஒரே ஒரு லவ் மட்டும் போட்டுக்கலாமா?"