விமானச் சிறகும் அழுத்த மையமும்

நிலத்தில் நிற்கும் பொருளை நிலம் தாங்குகின்றது. நீரில் மிதக்கும் கலத்தை நீர் தாங்குகின்றது. வானிற் செல்லும் விமானத்தையோ காற்றுத் தாங்குகின்றது. பல்லாயிரம் கிலோகிராம் எடையுள்ள ஊர்தியைக் கண்ணுக்குப் புலனாகாத காற்றுத் தாங்கி நிற்றல் வியப்பிற்கு உரியதே. எனினும், தாங்கும் விசை எவ்வளவு என்று அறிந்தால் மட்டும் போதாது. அவ்விசை சிறகின் எவ்விடத்தில் நின்று தாங்குகின்றது என்பதையும் அறிதல் வேண்டும். அளவு சரியாக இருந்தும் இடம் தவறுமாயின், விமானம் தலைகுப்புறக் கவிழும்.

காவடித் தண்டின் இரு முனைகளிலும் சுமை கட்டித் தூக்கிச் செல்வோனை நோக்குக. சுமைகள் ஒத்த எடையுடையனவாயின், அவன் தண்டின் நடுவில் தோள் கொடுப்பான். ஒரு பக்கத்துச் சுமை மிகுமாயின், அப்பக்கமாகத் தோளை நகர்த்திக்கொள்வான். இரு சுமைகளும் ஒன்றுகூடி அழுத்துவது போன்ற ஓரிடத்தை அவன் தோள் தானே கண்டுகொள்கின்றது. சிறகின்மீது பரந்து கிடக்கும் காற்றழுத்தத்திற்கும் அத்தகைய ஓரிடம் உண்டு. அதனையே அறிஞர் ‘அழுத்த மையம்’ என வழங்குவர்.

விமானச் சிறகைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், முன்புறம் உருண்டும், மேற்புறம் வளைந்தும், பின்புறம் கூர்ந்தும் இருக்கக் காணலாம். முன்முனையையும் பின்முனையையும் இணைக்கும் நேர்கோட்டிற்கு ‘நாண்’ என்று பெயர். வில்லின் இரு முனைகளையும் இணைப்பது நாணன்றோ! காற்று வரும் திசைக்கும் இந்நாணுக்கும் இடையே உள்ள கோணம் ‘தாக்குகோணம்’ எனப்படும். சிறகின் மேற்புறத்தில் காற்று விரைந்து செல்ல, அங்கு அழுத்தம் குறைகின்றது. கீழ்ப்புறத்தில் அழுத்தம் பெரும்பாலும் சற்று மிகுந்திருக்கின்றது. இவ்வேறுபாடே சிறகை மேலே தூக்குகின்றது. ஆனால் இத்தூக்குவிசை எங்கும் ஒரே அளவினதன்று. முன்பகுதியில் மிகுந்தும், பின்னே செல்லச் செல்லக் குறைந்தும் இருத்தலே பெரும்பான்மை.

இனி, அழுத்த மையத்தைக் கணக்கிடும் முறையைக் காண்போம். சிறகின் மாதிரியில் முன்முனை தொடங்கிப் பின்முனை வரை மேலும் கீழும் நுண்ணிய துளைகள் இட்டு, அவற்றை அழுத்தமானிகளுடன் இணைப்பர். காற்றுச் சுரங்கத்தில் மாதிரியை வைத்துக் காற்றைச் செலுத்தினால், ஒவ்வோரிடத்து அழுத்தமும் தெரியவரும். அவ்வழுத்தங்களிலிருந்து ஒவ்வொரு பகுதியின் தூக்குவிசையையும் கணக்கிடுவர்.

எடுத்துக்காட்டாக, நாணின் நீளம் 100 சென்டிமீட்டர் என்று கொள்வோம். அதனை 20 சென்டிமீட்டர் அகலமுள்ள ஐந்து பகுதிகளாகப் பிரிப்போம். அப்பகுதிகளின் நடுவிடங்கள் முன்முனையிலிருந்து 10, 30, 50, 70, 90 சென்டிமீட்டர் தொலைவில் அமையும். அவற்றின் தூக்குவிசைகள் முறையே 46, 24, 17, 10, 3 கிலோகிராம் எடை என்க. இவற்றின் கூட்டுத்தொகை 100. ஒவ்வொரு விசையையும் அதன் தொலைவால் பெருக்கினால் 460, 720, 850, 700, 270 என வரும். விசையையும் தொலைவையும் பெருக்கி வருவது ‘திருப்புத்திறன்’ ஆகும். திருப்புத்திறன்களின் கூட்டுத்தொகை 3,000. அதனை மொத்த விசையாகிய 100-ஆல் வகுக்கக் கிடைப்பது 30. ஆகவே, அழுத்த மையம் முன்முனையிலிருந்து 30 சென்டிமீட்டரில் உள்ளது.

அதே வேகத்தில் தாக்குகோணத்தைக் குறைத்தால் என்ன நிகழும்? ஐந்து பகுதிகளின் விசைகளும் 11, 12, 10, 5, 2 எனக் குறைந்தன என்று கொள்வோம். மொத்தம் 40, திருப்புத்திறன்களின் கூட்டுத்தொகை 1,500. வகுத்தால் வருவது 37.5. முன்பகுதியின் விசை பெரிதும் குறைந்தமையால், மையம் 7.5 சென்டிமீட்டர் பின்னோக்கி நகர்ந்துவிட்டது!

விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். விமானத்தின் மூக்குச் சற்றுத் தாழ்ந்தால் தாக்குகோணம் குறையும். அழுத்த மையம் பின்னே செல்லும். பின்புறம் உயர்த்தப்பட, மூக்கு இன்னும் தாழும். மூக்கு உயர்ந்தாலோ மையம் முன்னே வந்து அதனை மேலும் உயர்த்தும். எரிகின்ற தீயில் எண்ணெய் வார்த்தாற்போல், சிறு பிழையைச் சிறகே பெரும் பிழையாக வளர்த்துவிடும். பறக்க முயன்ற முன்னோர் உயிரைப் பணயம் வைத்தே முயன்றனர். உடலை முன்னும் பின்னும் அசைத்துச் சமநிலை காத்துப் பறந்த ஜெர்மானியர் ஓட்டோ லிலியந்தால், 1896-ஆம் ஆண்டில் மிதவையூர்தியிலிருந்து வீழ்ந்து உயிர் துறந்தார்.

தாக்குகோணம் குறையுந்தோறும் அழுத்த மையம் முன்னோக்கியே நகரும் என்பது தட்டையான பலகைகளைக் கொண்டு கண்ட உண்மை. வளைந்த சிறகு அவ்வாறு நடவாது என்பதை அமெரிக்க நாட்டு ரைட் சகோதரர்கள் 1901-ஆம் ஆண்டில் கிட்டி ஹாக் என்னும் ஊரை அடுத்த மணற்குன்றுகளில் ஆராய்ந்தறிந்தனர். தம் மிதவையூர்தியின் மேற்சிறகைத் தனியே கழற்றிக் கயிறு கட்டிப் பட்டம்போலப் பறக்கவிட்டனர். மெல்லிய காற்றில் அது கயிற்றை மேல்நோக்கி இழுத்தது. காற்றுச் சற்று வலுக்கக் கிடையாக இழுத்தது. மேலும் வலுக்கக் கீழ்நோக்கி இழுத்தது! காற்று வலுக்க வலுக்கத் தாக்குகோணம் குறைந்தது. முதல் நிலையில் அழுத்த மையம் சிறகின் ஈர்ப்பு மையத்திற்கு முன்னும், இரண்டாவதில் அதனோடு ஒன்றியும், மூன்றாவதில் அதற்குப் பின்னும் இருந்தமை இதனால் விளங்கிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் சிகாகோ நகரத்துப் பொறியாளர் அவையில் வில்பர் ரைட் இதனை எடுத்துரைத்தார். பின்னர் அவர்கள் தாமே ஒரு காற்றுச் சுரங்கம் செய்து பலவகைச் சிறகு வடிவங்களை ஆராய்ந்தனர். 1903 டிசம்பர் 17-இல் அவர்கள் பொறியூர்தியிற் பறந்த வெற்றி இத்தகைய உழைப்பின் பயனேயாகும்.

முன்னைக் கணக்கில் மற்றோர் உண்மையும் மறைந்துள்ளது. நாணின் காற்பகுதியாகிய 25 சென்டிமீட்டர் இடத்திலிருந்து தொலைவுகளை அளந்து பார்க்க. முதல் நிலையில் மையம் 5 சென்டிமீட்டர் பின்னே உள்ளது; 100-ஐ 5-ஆல் பெருக்க 500. இரண்டாம் நிலையில் 12.5 சென்டிமீட்டர் பின்னே உள்ளது, 40-ஐ 12.5-ஆல் பெருக்க அதே 500! அழுத்த மையம் அலைந்தாலும், காற்பகுதியைச் சுற்றிய திருப்புத்திறன் மாறவில்லை. ஒலியினும் மிகக் குறைந்த வேகத்தில், தாக்குகோணம் அளவு கடவாதவரை, சிறகுகளின் இயல்பு ஏறத்தாழ இதுவே. ஆதலின் இக்காலப் பொறியாளர் அலையும் மையத்தைத் தொடர்ந்து செல்லாமல், நிலைத்த காற்பகுதியை அடிப்படையாகக் கொண்டு கணக்கிடுகின்றனர். தூக்குவிசை 5 ஆகச் சுருங்கினால் மையம் 125 சென்டிமீட்டரில், அஃதாவது சிறகிற்கே வெளியே, சென்று விழும் என்பதையும் காண்க. அலையும் மையத்தை நம்புதல் அரிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

விமானத்தின் பின்னே உள்ள வாற்சிறகு, வேண்டுமளவு மேலோ கீழோ சிறு விசை தந்து இத்திருப்பத்தை அடக்குகின்றது. எரிபொருளையும் சரக்குகளையும் அளந்து இடமறிந்து வைப்பதும், ஈர்ப்பு மையம் வரம்பு மீறாதிருத்தற்கேயாம். ஒலியினும் விரைந்து செல்லும்போது அழுத்த மையம் பின்னோக்கி நாணின் நடுவிடத்தை நாடும். 1976 முதல் 2003 வரை பயணிகளை ஏற்றிச் சென்ற கான்கார்டு விமானம், அவ்வேகத்தை எய்தும்போது எரிபொருளைப் பின்புறத் தொட்டிக்கு மாற்றியும், வேகம் தணியும்போது முன்னே கொணர்ந்தும் சமநிலை காத்தது.

கூட்டலும் பெருக்கலும் வகுத்தலும் அறிந்த மாணவர் எவரும் இக்கணக்கைச் செய்யலாம். எளிய கணக்கேயாயினும், வானிற் செல்வோர் அனைவரின் உயிரும் அதன் செம்மையை நம்பியே உள்ளது.