கோயம்புத்தூர்க்காரனுக்கு எதுக்குங்க சென்னை டீம்?

காந்திபுரத்துல இருந்து சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர். ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ்ல ஏறிப் படுத்தா காலையிலதான் சென்னை. பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியம் இதைவிடப் பக்கம். கொச்சி இன்னும் பக்கம். தூரத்தை மட்டும் வெச்சுக் கணக்குப் போட்டா நாமெல்லாம் கிரிக்கெட்டுக்கு ஆர்சிபி, ஃபுட்பாலுக்கு கேரளா பிளாஸ்டர்ஸ்னு இருக்கணும். ஆனா ஏப்ரல் மாசம் நம்ம ஹாஸ்டல் கொடியில காயற ஜெர்சிகளைப் பாருங்க. பெரும்பாலும் மஞ்சள்.

இத்தனைக்கும் சென்னைன்னா நமக்கு ஒரு சின்னக் கடுப்பு இருக்கத்தான் செய்யுது. மெட்ரோ அவங்களுக்கு 2015-லயே ஓட ஆரம்பிச்சிருச்சு, நமக்கு இன்னும் பேப்பர்லதான் ஓடுது. நம்ம "ஏனுங்க, வாங்க"வைக் கேட்டு அவங்க சிரிப்பாங்க, அவங்க பேச்சைக் கேட்டு நாம சிரிப்போம். அப்படியிருந்தும் சென்னை தோத்தா மெஸ்ல சாப்பாடு இறங்க மாட்டேங்குதே, ஏன்? ஒருத்தர் எப்படி ஒரு டீமைத் தேர்ந்தெடுக்கறார்னு பல நாட்டுல ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. அதுல ஒண்ணு ரெண்டை நம்ம ஊர்ல வெச்சு சோதிச்சுப் பாக்கலாம்.

முதல்ல ஒரு கூட்டல் கணக்கு. நீங்க பிறந்த வருஷத்தோட எட்டைக் கூட்டுங்க. வர்ற வருஷத்துல எந்த டீம் ஜெயிச்சதுன்னு பாருங்க.

அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளர் சேத் ஸ்டீஃபன்ஸ் டேவிடோவிட்ஸ் 2014-ல ஃபேஸ்புக் லைக்குகளை வெச்சு பேஸ்பால் ரசிகர்களோட வயசை ஆராய்ஞ்சார். நியூயார்க் மெட்ஸ் டீமுக்கு ஆண் ரசிகர்கள் 1962, 1978 வாக்குல பிறந்தவங்ககிட்ட வழக்கத்தைவிட அதிகமா இருந்தாங்க. மெட்ஸ் கோப்பை ஜெயிச்ச வருஷங்கள் 1969, 1986. அதாவது ஏழெட்டு வயசுல ஒரு பையன் எந்த டீம் ஜெயிக்கறதைப் பாக்கறானோ, அது நாற்பது வயசுலயும் அவனோட ஒட்டிக்கிட்டே இருக்கு. முப்பது வயசுல பாத்த வெற்றிக்கு அந்த வலு கிடையாது.

இப்ப நம்ம பேட்ச். ஃபைனல் இயர்ல இருக்கற நாங்க பெரும்பாலும் 2003, 2004-ல பிறந்தவங்க. சிஎஸ்கே முதல் ரெண்டு கோப்பையை ஜெயிச்சது 2010, 2011. அதே 2011 ஏப்ரல்லதான் தோனி சிக்ஸ் அடிச்சு உலகக் கோப்பையும் வந்துச்சு. எங்களுக்கு அப்ப ஆறு, ஏழு, எட்டு வயசு. தேர்ந்தெடுத்தோம்னு சொல்றதே தப்பு. வேற சாய்ஸே கொடுக்கலை.

ஜூனியர்ஸ் பக்கம் வாங்க. 2007-ல பிறந்த ஒருத்தருக்கு 2015-ல எட்டு வயசு. அந்த வருஷம் மும்பை ஜெயிச்சது, அதுவும் ஃபைனல்ல சென்னையைத் தோக்கடிச்சு. அதுக்கப்புறம் 2016, 2017 ரெண்டு வருஷம் சூதாட்ட வழக்கில் சிஎஸ்கேவுக்குத் தடை. டிவியில மஞ்சளே இல்லை. அந்த 2016-லதான் கோலி ஒரே சீசன்ல 973 ரன் அடிச்சார். ஆர்சிபி ஃபைனல் வரைக்கும் போய் 8 ரன்ல தோத்தது. ஒன்பது வயசுப் பையன் அதை உட்கார்ந்து பாத்திருந்தா அவனுக்கு என்ன ஆகும்? ஃபர்ஸ்ட் இயர் பிளாக்ல சிவப்பு ஜெர்சி ஏன் கொஞ்சம் அதிகமாத் தெரியுதுன்னு யோசிச்சவங்களுக்கு என் பதில் இதுதான். பெங்களூருல அண்ணன் வேலை பாக்கறார், அக்கா கட்டிக்கொடுத்த ஊர் ஓசூர்ங்கறதெல்லாம் அப்புறம் சேர்த்துக்கற காரணம்.

ஆனா இந்தக் கணக்கு எல்லாத்தையும் சொல்லிடாது. ஜெயிச்ச டீம் மட்டும்தான் ஒட்டும்னா, 2008-ல தொடங்கி 2025 வரைக்கும் ஒரு கோப்பைகூட இல்லாம ஆர்சிபி ரசிகர்கள் எப்படி 17 சீசன் தாக்குப் பிடிச்சாங்க?

இங்கதான் இன்னொரு ஆராய்ச்சி. 1970 வாக்குல பிரிஸ்டல்ல ஹென்றி டாஜ்ஃபெல்ங்கற உளவியலாளர் பள்ளிப் பசங்களை ரெண்டு குரூப்பாப் பிரிச்சார். உனக்கு பால் க்ளே ஓவியம் பிடிச்சிருக்கு, உனக்குக் காண்டின்ஸ்கி ஓவியம் பிடிச்சிருக்குன்னு சொல்லிப் பிரிச்சாலும், உண்மையில குலுக்கல் மாதிரிதான் பிரிச்சார். பசங்களுக்கு யார் எந்த குரூப்னே தெரியாது, பேசிக்கவும் இல்லை. அப்படியிருந்தும் காசைப் பங்கு போடச் சொன்னப்ப அவனவன் தன் குரூப்புக்கே அதிகம் கொடுத்தான். இதுல சுவாரசியம் என்னன்னா, தன் குரூப்புக்குக் கிடைக்கற தொகை குறைஞ்சாலும் பரவாயில்லை, அடுத்த குரூப்பைவிட வித்தியாசம் பெருசா இருந்தாப் போதும்னு நினைச்சாங்க. ஐபிஎல் சமயத்துல நம்ம டீம் வெளிய போனப்புறமும் பக்கத்து ரூம் டீம் தோக்கணும்னு விடிய விடிய கால்குலேட்டர் வெச்சு நெட் ரன் ரேட் போடறவங்களுக்கு இது புரியும்.

அதே மாதிரி 1976-ல ராபர்ட் சியால்டினி குழு அமெரிக்காவுல ஏழு பல்கலைக்கழகங்கள்ல திங்கக்கிழமை மாணவர்கள் போட்டுட்டு வர்ற சட்டையை எண்ணிச்சு. காலேஜ் டீம் ஜெயிச்ச வாரம் காலேஜ் பேர் போட்ட டீஷர்ட் அதிகம். பேசவெச்சுப் பாத்தா, ஜெயிச்சப்ப "நாம", தோத்தப்ப "அவங்க". இதுக்குத் தனியா ஆராய்ச்சி வேணுமான்னு கேட்காதீங்க. நீங்களே 2025-ல சிஎஸ்கே பத்தாவது இடத்துல முடிச்சப்ப என்ன பேசினீங்கன்னு வாட்ஸ்அப்ல தேடிப் பாருங்க. "நாம"வா, "அவனுங்க"வா?

டீமைவிட ஆளைப் பிடிச்சுக்கற வழியும் உண்டு. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில இருந்து வந்த நடராஜன் 2020 ஐபிஎல்ல யார்க்கரா போட்டப்ப, ஹைதராபாத் எந்தத் திசையில இருக்குன்னு கவலைப்படாம கொங்கு முழுக்க சன்ரைசர்ஸ் மேட்ச் பாத்தது. அந்த டிசம்பர்லயே இந்தியாவுக்கு ஆடினார், 2021 ஜனவரியில பிரிஸ்பேன் டெஸ்ட். நம்ம ஆளு டீம் மாறினா நாமளும் அவரோட போவோம். ஆனா அது ரசிகர்ங்கறதைவிடச் சொந்தக்காரர் மாதிரி. தோனி ராஞ்சிக்காரர், அவரைச் சொந்தக்காரர் ஆக்கிக்க நமக்கு மூணு வருஷம்தான் ஆச்சு.

இதுவரைக்கும் சொன்னது எல்லா ஊருக்கும் பொருந்தும். கோயம்புத்தூருக்கு மட்டும் நடந்த ஒரு கதை இருக்கு, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன்.

நம்ம நேரு ஸ்டேடியம் தெரியும்தானே, வ.உ.சி. பார்க் பக்கத்துல. அங்க ஒரு டீம் இந்தியாவோட லீக் சாம்பியன் ஆச்சு. பேர் சென்னை சிட்டி எஃப்சி. 2016-17 சீசன்ல ஐ-லீக்ல நுழைஞ்சப்ப அவங்களுக்கு ஹோம் கிரவுண்ட் சென்னை. அங்க ஏற்கனவே ஐஎஸ்எல்ல சென்னையின் எஃப்சி இருந்துச்சு. அடுத்த சீசன் சென்னை சிட்டி கோயம்புத்தூருக்கு வந்துருச்சு, பேரை மாத்தாம.

2018-19 சீசனோட முதல் மேட்சே இங்கதான். இந்தியன் ஏரோஸை 4-1னு அடிச்சாங்க, பெத்ரோ மான்சி ஹாட்ரிக். சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் கோச். மான்சி, நெஸ்டர், சாண்ட்ரோன்னு ஸ்பெயின்ல கீழ் டிவிஷன்ல ஆடிட்டிருந்தவங்களையும் நம்ம தமிழ்நாட்டுப் பசங்களையும் சேர்த்து, பாலைத் தரையிலேயே வெச்சு பாஸ் பண்ணி ஆடற டீம் ஒண்ணை உருவாக்கினார். மான்சி அந்த சீசன்ல 21 கோல்.

கடைசி நாள் 2019 மார்ச் 9. சென்னை சிட்டிக்கு இங்க மினர்வா பஞ்சாபோட மேட்ச். ஈஸ்ட் பெங்காலுக்கு அதே நேரத்துல கோழிக்கோட்டுல கோகுலம் கேரளாவோட மேட்ச். நூறு வருஷத்தை எட்டப்போற கொல்கத்தா கிளப் ஒரு பக்கம், நம்ம ஊருக்கு வந்து ரெண்டாவது வருஷம் ஆன கிளப் இன்னொரு பக்கம். மூணாவது நிமிஷத்துலயே மினர்வா கோல் போட்டுட்டாங்க. பாதி நேரம் முடியறப்ப 0-1. ரெண்டாவது பாதியில மான்சி பெனால்ட்டி, அப்புறம் டிஃபண்டர் கௌரவ் போரா ரெண்டு கோல். 3-1. அங்க ஈஸ்ட் பெங்கால் 2-1னு ஜெயிச்சும் பிரயோஜனம் இல்லை. 43 பாயிண்டுக்கு 42. ஒரே ஒரு பாயிண்ட்.

அந்த வருஷமே சுவிட்சர்லாந்து கிளப் எஃப்சி பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கிச்சு. 2020 தொடக்கத்துல மான்சி ஜப்பான் கிளப் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குப் போயிட்டார். அப்புறம் கொரோனா, 2020-21 சீசனை மொத்தமா மேற்கு வங்கத்துலயே நடத்தினாங்க. 2021-22 ஐ-லீக் பட்டியல்ல சென்னை சிட்டிங்கற பேரே இல்லை. கோப்பை ஜெயிச்சு மூணு வருஷம்கூட ஆகலை.

இப்ப உங்களைக் கேக்கறேன். 2019-ல நமக்கெல்லாம் பதினஞ்சு வயசு. நம்ம ஊர் டீம் தேசிய சாம்பியன். கிளாஸ்ல எத்தனை பேர் அந்த மேட்ச்சைப் பத்திப் பேசினாங்க? ஸ்டேடியத்துக்குப் போன கூட்டம் இருந்துச்சு, கத்தின கூட்டம் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லலை. ஆனா டீம் காணாமப் போனப்ப ஊர்ல ஒரு சத்தமும் வரலையே.

பேர்ல சென்னை இருந்ததுதான் காரணம்னு சிலர் சொல்வாங்க. எனக்கு ஒத்துக்க முடியலை. சிஎஸ்கே பேர்லயும் சென்னைதான் இருக்கு. வித்தியாசம் வேற. சிஎஸ்கே மேட்ச் முடிஞ்ச அடுத்த நாள் காலையில டீக்கடையில அதைப் பேச ஆள் இருக்கு, வம்பு இழுக்க ஒரு மும்பை ஃபேனும் இருப்பான். சென்னை சிட்டிக்கு அப்படி ஒரு எதிரியே இங்க இல்லை. ஈஸ்ட் பெங்காலுக்கு மோகன் பகான் இருக்கு. நேரு ஸ்டேடியத்துல நாம ஜெயிச்சா நம்மகிட்டத் தோக்க கோயம்புத்தூர்ல யாருமே இல்லை. அப்புறம், "எங்கப்பா கூட்டிட்டுப் போனார்"னு சொல்ற தலைமுறை உருவாக நாலு சீசன் பத்தாது.

டீம் ஊர் மாறினா என்ன ஆகும்னு கனடாக்காரங்களைத்தான் கேக்கணும். அங்க ஐஸ் ஹாக்கிதான் எல்லாம். கியூபெக் நகரத்துல நார்டிக்ஸ்னு ஒரு டீம். அதுக்கு மாண்ட்ரியால் கனேடியன்ஸ் பரம எதிரி. 1995-ல டீமை வித்து அமெரிக்காவுல டென்வருக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க, பேரும் கொலராடோ அவலாஞ்ச்னு ஆச்சு. அடுத்த வருஷமே, 1996-ல, அந்த டீம் ஸ்டான்லி கோப்பை ஜெயிச்சது. கியூபெக்காரங்க வளர்த்த டீம், டென்வர்ல ஊர்வலம். ஆனா ஒரு விஷயம்: அந்த ஊர்ல இன்னமும் நார்டிக்ஸ் தொப்பியும் ஜெர்சியும் போடறவங்க இருக்காங்க, டீம் திரும்பி வரணும்னு கேக்கறாங்க. பக்கத்துலயே ஒரு எதிரியோட பல வருஷம் வாழ்ந்திருக்காங்க இல்லையா.

நமக்கும் சொந்தப் பேர்ல ஒரு டீம் இப்ப இருக்கு. 2016-ல தொடங்கின டிஎன்பிஎல்ல கோவை கிங்ஸ். 2022 ஃபைனல் எஸ்என்ஆர் காலேஜ் கிரவுண்டுலயே நடந்து, மழையால சேப்பாக் சூப்பர் கில்லீஸோட கோப்பையைப் பங்கு போட வேண்டியதாப் போச்சு. 2023-ல பங்கில்லாம முழுசா ஜெயிச்சாங்க. ஷாருக் கான், சாய் சுதர்சன் ரெண்டு பேரும் இங்கதான் பேர் வாங்கினாங்க. ரெண்டு பேருமே சென்னைப் பசங்கதான், இருந்தாலும் கோவைன்னு எழுதின சட்டை போட்டாங்க.

அந்த 2023 மே மாசம் ஐபிஎல் ஃபைனல் ஞாபகம் இருக்கா? அகமதாபாத்ல குஜராத்துக்காக சாய் சுதர்சன் 47 பந்துல 96. எதிர்ல சிஎஸ்கே. நம்ம கோவை கிங்ஸ் பையன் நம்ம சிஎஸ்கேவை வெளுக்கறான். கோவையில யாராவது அவனுக்காக எழுந்து நின்னு விசில் அடிச்சாங்களா? நான் அடிக்கலை. கடைசிப் பந்துல ஜடேஜா ஃபோர் அடிச்சப்பத்தான் ஹாஸ்டலே எழுந்துச்சு.

ஆனா இப்ப ஒண்ணு மாறியிருக்கு. முன்னாடி காரைக்குடி காளையா இருந்த டீம் திருப்பூர் தமிழன்ஸ் ஆகி, 2025-ல டிஎன்பிஎல் கோப்பையை ஜெயிச்சிருக்கு. அதுவும் இடம் மாறி வந்த டீம்தான். ஆனா திருப்பூருக்கும் கோவைக்கும் நடுவுல ஒரு மணி நேர பஸ்தான், தினமும் அங்கிருந்து இங்க காலேஜுக்கு வர்றவங்களே எவ்வளவோ பேர். வம்பிழுக்க ஆள் ரெடி. அவிநாசியில வீடு இருக்கறவங்க எந்தப் பக்கம்னு அவங்க வீட்லயே சண்டை வரலாம். இந்த ரெண்டு டீமும் பேரையும் ஊரையும் மாத்தாம இன்னொரு பத்து வருஷம் இங்கேயே ஆடணும். 2025-ல எட்டு வயசா இருந்த திருப்பூர்ப் பையன் அப்ப காலேஜுக்கு வருவான். அவன் ஹாஸ்டல் கொடியில எந்த ஜெர்சியைக் காயப்போடறான்னு பாக்கணும்.