கேஸ் ஜெயித்தும் கை காலி! ரிவால்வர் பேடன்ட்காரரின் கோர்ட்டுக் கதை

ஒரு துப்பாக்கிக்கு 25 சென்ட் ராயல்டி. கேட்க நல்லாத்தான் இருக்கும். அமெரிக்காவின் ரோலின் ஒயிட்டுக்கு அதுவே வினையாகிப் போனது!

அந்தக் காலத்து ரிவால்வரில் மருந்தையும் குண்டையும் உருளையின் முன்பக்கமாகத் திணிக்க வேண்டும். சண்டை நேரத்தில் நடக்கிற காரியமா? உருளையின் துவாரத்தைப் பின்பக்கம் வரை துளைத்துவிட்டால் தோட்டாவைப் பின்னாலிருந்தே போட்டுவிடலாம். இதற்கு ஒயிட் 1855-ல் பேடன்ட் வாங்கினார். மறு ஆண்டே ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனி உரிமையை வளைத்துப் போட்டது.

ஒப்பந்தத்தில்தான் 'கொக்கி'. யாராவது காப்பியடித்தால் கேஸ் போட வேண்டியது ஒயிட். வக்கீல் செலவும் அவர் தலையில்! லாபம் கம்பெனிக்கு, கோர்ட்டு வாசல் ஒயிட்டுக்கு.

பல துப்பாக்கிக் கம்பெனிகள் காப்பியடித்தன. ஒயிட் படியேறினார். 1863-ல் தீர்ப்பும் அவர் பக்கமே. என்ன பிரயோஜனம்? வந்த ராயல்டியில் பெரும்பகுதியை வழக்குகளே விழுங்கிவிட்டன.

1869-ல் பேடன்ட் காலாவதி. அதை நீட்டிக்க வழிசெய்யும் மசோதா அமெரிக்க பாராளுமன்றத்தில் பாஸ் ஆனது. ஆனால் 1870 ஜனவரியில் ஜனாதிபதி கிராண்ட் கையெழுத்துப் போட மறுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். உள்நாட்டுப் போரின்போது இந்த பேடன்டால் அரசுக்கு இடைஞ்சல் என்று ராணுவத் தளவாட அதிகாரி சொன்னதே காரணம்.