காருக்குள் ஒளித்து வைத்த வீட்டுச் சாவி!

அமெரிக்காவில் ஒரு மழை இரவு. தெருவில் கார் ஒன்று வருகிறது. வீட்டை நெருங்கியதும், கார் ஓட்டுபவர் ஒரு பொத்தானை அமுக்குகிறார். கார் ஷெட்டின் அகலமான கதவு தானாகவே மேலே எழும்புகிறது. கார் உள்ளே போகிறது. மறுபடியும் ஓர் அமுக்கு! கதவு கீழே இறங்கி மூடிக்கொள்கிறது. அவர் மழையில் நனையவில்லை. பூட்டையும் சாவியையும் தேடவும் இல்லை.

இந்த வேலையைச் செய்வது, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதன் பெயர் ரிமோட். பொத்தானை அமுக்கியதும் அதிலிருந்து ரேடியோ அலை புறப்படும். ஷெட்டின் கூரையில் இருக்கும் மோட்டாருக்கு அது போய்ச் சேரும். மோட்டார் கதவைத் தூக்கும்.

வசதியான ஏற்பாடுதான். ஆனால் அதிலேயே ஓர் அபாயமும் இருக்கிறது.

திருடனுக்கு வசதி

அங்கே பல வீடுகளில் கார் ஷெட் தனியாக இருப்பதில்லை. வீட்டோடு ஒட்டியே இருக்கும். ஷெட்டிலிருந்து வீட்டுக்குள் போக ஒரு வாசலும் உண்டு. அந்த வாசலைச் சிலர் பூட்டுவதே இல்லை. ஆகவே, ஷெட் கதவு திறந்தால் வீடே திறந்த மாதிரி!

ரிமோட்டை எங்கே வைக்கிறார்கள்? முன் கண்ணாடிக்கு மேலே, வெயிலை மறைக்க ஒரு அட்டை இருக்கிறது அல்லவா? அதில்தான் செருகி வைக்கிறார்கள். வெளியில் நின்று பார்த்தாலே தெரியும். திருடன் கார்க் கண்ணாடியை உடைத்தால் போதும். ரிமோட் கையில் கிடைக்கும். காரின் பதிவுச் சீட்டும் உள்ளேயே இருக்கும். அதில் வீட்டு விலாசம் இருக்கும். வீட்டுச் சாவியையும் விலாசத்தையும் சேர்த்துக் கொடுத்தது போல ஆகிவிடும்.

இதற்காகத்தான் கைவேலை தெரிந்தவர்கள் ஒரு யுக்தி செய்கிறார்கள். ரிமோட்டை டாஷ்போர்டுக்குள் ஒளித்து வைத்துவிடுகிறார்கள். வெளியில் ஒரே ஒரு பொத்தான்தான் தெரியும்.

எப்படிச் செய்கிறார்கள்?

முதலில் ரிமோட்டின் மூடியைக் கழற்றுகிறார்கள். உள்ளே, பொத்தானுக்கு அடியில் ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். அதன் இரண்டு முனைகளிலும் மெல்லிய வயரைச் சால்டர் செய்கிறார்கள். அந்த இரண்டு வயர்களையும் டாஷ்போர்டில் பொருத்திய புதிய பொத்தானோடு இணைக்கிறார்கள். இனி இதை அமுக்கினாலும் ஒன்றுதான், ரிமோட்டை அமுக்கினாலும் ஒன்றுதான்.

இதோடு நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. அது பாதி வேலைதான். ரிமோட்டுக்குள் அதன் பாட்டரி இருக்கிறதே! காருக்குள் புகுந்த திருடன் புதிய பொத்தானை அமுக்கினாலும் கதவு திறக்கும்.

விஷயம் தெரிந்தவர்கள் ரிமோட்டின் பாட்டரியை எடுத்துவிடுகிறார்கள். காரின் சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் வயரிலிருந்து ரிமோட்டுக்கு இணைப்புக் கொடுக்கிறார்கள். சாவி போடாவிட்டால், எத்தனை முறை அமுக்கினாலும் கதவு அசையாது!

இங்கே ஒரு ஜாக்கிரதை வேண்டும். கார் பாட்டரி 12 வோல்ட். என்ஜின் ஓடும்போது அது 14 வோல்ட் வரை ஏறும். ஆனால் பல ரிமோட்டுகளுக்கு வேண்டியது 3 வோல்ட்தான். நேராக இணைத்தால் ரிமோட் கருகிவிடும். ஆகவே இடையில் வோல்ட்டேஜைக் குறைக்கும் சிறு கருவியும், ஒரு பியூசும் வைக்கிறார்கள்.

டாஷ்போர்டைக் கழற்றும் முன் கார் பாட்டரியின் இணைப்பை எடுத்துவிட வேண்டும். உள்ளே மஞ்சள் உறை போட்ட வயர்கள் தென்பட்டால் தொடவே கூடாது. மோதலின்போது விரிந்து உயிரைக் காக்கும் காற்றுப் பைக்கு உரிய வயர்கள் பெரும்பாலும் அவைதான். ரிமோட்டை இரும்புத் தகடுகளுக்கு நடுவிலும் வைக்கக் கூடாது. ரேடியோ அலை வெளியே வராது.

பொம்மை திறந்த கதவு!

ரிமோட்டை ஒளித்தால் மட்டும் போதுமா? அதன் ரகசிய எண்ணும் பத்திரமாக இருக்க வேண்டும்.

பழைய ரிமோட்டுகளில் வரிசையாகக் குட்டிச் சுவிட்சுகள் இருக்கும். 12 சுவிட்சுகள் இருந்தால் 4,096 எண்கள் கிடைக்கும். பெரிய எண்ணிக்கை போலத் தோன்றுகிறது. ஆனால் 2015-ஆம் ஆண்டில் சாமி கம்கார் என்ற அமெரிக்க நிபுணர் அதன் பலவீனத்தைக் காட்டினார். சிறுமிகள் செய்தி அனுப்பி விளையாடும் ஒரு பொம்மையை அவர் எடுத்துக்கொண்டார். அதை மாற்றி அமைத்து, எல்லா எண்களையும் 10 விநாடிக்குள் அனுப்பும்படி செய்துவிட்டார்! அந்த யுக்திக்கு அவர் வைத்த பெயர், அலிபாபா குகை வாசலில் சொல்லும் மந்திரம்.

1990-களின் நடுவில் வந்த புதிய ரிமோட்டுகள் இதற்கு மசியாது. ஒவ்வொரு அமுக்குக்கும் எண் மாறிவிடும். நேற்றைய எண் இன்று செல்லாது. பழைய வகை ரிமோட்டை எவ்வளவு ஆழத்தில் ஒளித்தாலும் பயன் குறைவு. டாஷ்போர்டைக் கழற்றும் முன் இதைக் கவனிப்பது நல்லது.

குழந்தை அமுக்கினால்?

வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் இன்னொரு கவலையும் உண்டு. பளபளக்கும் பொத்தானைக் கண்டால் குழந்தை சும்மா இருக்குமா? கதவோ கனமானது. தானாக இறங்கும் கதவுகளில் சிக்கி அமெரிக்காவில் குழந்தைகள் பலர் இறந்திருக்கிறார்கள். அதனால்தான் 1993-ஆம் ஆண்டு முதல் சட்டம் கடுமையாயிற்று. இன்று வாசலின் இரு பக்கமும், தரையிலிருந்து அரை அடி உயரத்துக்குள், மின் கண்கள் வைக்கிறார்கள். இறங்கும் கதவுக்கு நடுவில் யாராவது வந்தால், கதவு மேலே திரும்பிவிடும்.

கதவு எதன் மீதாவது முட்டினாலும் திரும்ப வேண்டும். இதைச் சோதிப்பது சுலபம். ஒன்றரை அங்குல கனமுள்ள பலகையைக் கதவின் கீழே கிடத்திவிட்டுக் கதவை இறக்க வேண்டும். பலகையில் பட்டதும் கதவு திரும்பாவிட்டால், டாஷ்போர்டுப் பொத்தானை விட்டுவிட்டு முதலில் மோட்டாரைப் பழுது பார்க்க வேண்டும்.

காரை விற்கும்போது சிலர் இந்த ரிமோட்டை மறந்தே போகிறார்கள். காரோடு வீட்டுச் சாவியும் யாருக்கோ போய்விடுகிறது! அப்படி நேர்ந்தால், பல மோட்டார்களில் அதற்கும் வழி உண்டு. ரிமோட்டைப் பழக்கும் பொத்தானைச் சில விநாடிகள் அமுக்கிப் பிடித்தால், பழைய ரிமோட்டுகள் அத்தனையையும் மோட்டார் மறந்துவிடும். பிறகு வீட்டில் இருப்பவற்றை மட்டும் மறுபடி பழக்கிக்கொள்ளலாம்.